பெயரை மட்டும் தூக்கிப்போன கப்பல்கள்

'கேட்டமரான்' என்ற ஆங்கிலச் சொல் நம் கட்டுமரம்தான் என்பது பலருக்கும் தெரியும். போன இடத்தில் அது பட்ட பாடுதான் தெரியாது.

உலகைச் சுற்றிவந்த ஆங்கிலக் கடற்கொள்ளையர் வில்லியம் டாம்பியர், 1697இல் வெளியான தம் பயண நூலில் இந்தச் சோழமண்டலக் கரை மிதவையைப் பற்றி எழுதினார். சில மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்தால் கட்டுமரம். பக்கச் சுவர் கிடையாது. மேலே ஏறுகிற அலை இடுக்கு வழியே இறங்கிவிடும். கரை சேர்ந்ததும் அவிழ்த்துக் காயப்போடுவார்கள். துறைமுகம் இல்லாத அன்றைய சென்னையில் கும்பினிக் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் பாய்ச்சும். கடிதங்களைத் தொப்பிக்குள் நனையாமல் செருகிக்கொண்டு, அலையைக் கடந்துபோய்க் கொடுத்தவர்கள் கட்டுமரக்காரர்கள். அவர்களைக் கண்டு வியக்காத வெள்ளைக்காரப் பயணி அபூர்வம்.

1804 அக்டோபரில் சொல் போருக்கே போனது. இங்கிலாந்தின் மேல் பாய நெப்போலியன் பிரெஞ்சுத் துறைமுகமான பூலோனில் நிறுத்திவைத்திருந்த படகுகளைத் தகர்க்க, ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்கர் வெடிமருந்துப் பெட்டிகள் செய்துகொடுத்தார். கடிகாரப் பொறி வைத்த அவற்றுக்கும் 'கேட்டமரான்' என்றே பெயர்! சேதம் சொற்பம், கேலிதான் மிச்சம். (இதே ஃபுல்டன் மூன்றே ஆண்டுகளில் ஹட்சன் ஆற்றில் நீராவிப் படகு விட்டுப் புகழ்பெற்றார்.) சண்டைக்காரக் கிழவிகளைத் திட்டவும் ஆங்கிலேயர் இச்சொல்லை எடுத்துக்கொண்டார்கள். முதல் மூன்று எழுத்தில் பூனை இருப்பது காரணமாக இருக்கலாம்.

இதற்கிடையே, இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டியவற்றையும் அப்படியே அழைக்கத் தொடங்கினர். 1876இல் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நதானியேல் ஹெரஷாஃப் கட்டிய 'அமரில்லிஸ்' என்ற இரட்டைப் படகு நியூயார்க் பந்தயத்தில் எல்லாரையும் முந்தியது. தோற்றவர்கள் முறையிட, பரிசு பறிபோனது. ஆனால் 'கேட்டமரான்' என்றால் இரட்டைப் படகு என்ற பொருள் நிலைத்துவிட்டது. உண்மையில் இரட்டைப் படகுக் கலையில் கரைகண்டவர்கள் பசிபிக் தீவினர். கலை அவர்களுடையது, பெயர் நம்முடையது, காப்புரிமை ஹெரஷாஃபுக்கு!

1990இல் டாஸ்மேனியாவில் கட்டிய ஒரு கேட்டமரான் பயணிகள் கப்பல், அட்லாண்டிக்கை மூன்றரை நாளுக்குள் கடந்து சாதனை படைத்தது. அசல் கட்டுமரமோ நம் குப்பங்களில் அருகிவிட்டது. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்து குவிந்த ஃபைபர் படகுகள் அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன.