பசுமலை நாட்டின் விருந்தாளிகள்

உழவும் மந்தையும் சோறு போடாத காலத்தில், ஒரு நாட்டுப்புறம் தன் மலையையும் காற்றையும் காட்டிப் பிழைக்க முற்படுவது உலகில் பல இடங்களில் நிகழ்ந்துள்ளது. இவ்வணிகத்தில் ஓர் இடர் உண்டு. கம்பளியை விற்றவனுக்கு அடுத்த ஆண்டும் ஆடு கம்பளி தரும். ஊரின் அழகை விற்கப் புகுந்தவனோ, வாங்க வருபவரின் விருப்பத்திற்கேற்ப ஊரையே மாற்றத் தொடங்கிவிடுகிறான். பிறகு ஊர் யாருடையது என்ற வினா எழுகிறது. இவ்வினாவை நூறாண்டுகளுக்கும் மேலாகச் சந்தித்துவரும் ஒரு சிறு மாநிலத்தின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மூலையில், கனடாவின் எல்லையை ஒட்டி அமைந்தது வெர்மாண்ட். பசுமலை எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து பிறந்த பெயர் இது. 1791 இல் பதினான்காவது மாநிலமாக ஒன்றியத்தில் இணைந்தது. 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள் தொகை 6,43,077. அவர்களுள் ஏறத்தாழ மூவரில் இருவர் சிற்றூர்ப்புறங்களில் வாழ்பவர்கள். அந்நாட்டில் நாட்டுப்புற மக்களின் விகிதம் மிகுந்த மாநிலம் இதுவே.

ஆடுகள் போன பின்னர்

1811 இல் வில்லியம் ஜார்விஸ் என்னும் தூதர், ஐபீரிய நாட்டு மெரினோ ஆடுகளை வெர்மாண்டின் வெதர்ஸ்ஃபீல்டு ஊருக்குக் கொண்டு வந்தார். அதன் பிறகு கம்பளி மோகம் மாநிலத்தைப் பிடித்துக்கொண்டது. 1840 இல் அங்கிருந்த ஆடுகளின் எண்ணிக்கை பதினாறு லட்சத்தைத் தாண்டியது. மக்களோ மூன்று லட்சத்திற்கும் குறைவு. ஆளுக்கு ஐந்து ஆடுகளுக்கு மேல் என்பது கணக்கு! மேய்ச்சலுக்காக மலைச்சரிவுகளில் காடுகள் வெட்டப்பட்டன. மழைநீர் மண்ணை அரித்துச் சென்றது. மனிதன் இயற்கையை எவ்வாறு சிதைக்கிறான் என்பதை விளக்கி 1864 இல் 'மனிதனும் இயற்கையும்' என்ற நூலை எழுதிய ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ், இம்மாநிலத்தின் வுட்ஸ்டாக் ஊரில் பிறந்தவர். மொட்டையான மலைகளைப் பார்த்து வளர்ந்தவரிடமிருந்து அப்படியொரு நூல் பிறந்ததில் வியப்பில்லை.

1840களின் பிற்பகுதியில் கம்பளி விலை சரிந்தது. மேற்கே பரந்த புல்வெளிகளில் மலிவாக வளர்ந்த ஆடுகளோடு இம்மலைக்காரர்கள் போட்டியிட இயலவில்லை. இளைஞர்கள் மேற்கு நோக்கிப் புறப்பட்டனர். 1850 இல் 3,14,120 ஆக இருந்த மக்கள் தொகை, 1860 இல் 3,15,098. பத்தாண்டுகளில் ஆயிரம் பேர் கூடக் கூடவில்லை என்பது எத்துணை அவலத்தை உணர்த்துகிறது! எஞ்சியோர் பால் மாடுகளுக்கு மாறினர். மேட்டு நிலப் பண்ணைகள் பல கைவிடப்பட்டன.

கைவிடப்பட்ட அந்நிலங்களில் காடு மெல்லத் திரும்பியது. இன்று மாநிலத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு காடுதான். இலையுதிர் காலத்தில் செம்மையும் பொன்மையுமாய் ஒளிரும் மேப்பிள் மரங்களைக் காண வருவோர், அக்காட்டினுள் சிறிது தொலைவு நடந்தால் பழைய கல்வேலிகளைக் காணலாம். அவை ஒரு காலத்தில் ஆட்டுப் பட்டிகளுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் எல்லையாக இருந்தவை. இன்று சுற்றுலாவின் முதலீடாக விளங்கும் அக்காடு, ஒரு தொழிலின் தோல்வியிலிருந்து முளைத்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அரசே அழைப்பிதழ் எழுதியது

ஆளற்ற பண்ணைகளை என்ன செய்வது? வேளாண்மையைக் காக்க வேண்டிய மாநில வேளாண் வாரியமே 1890களில் இதற்கொரு விடை கண்டது. மாநிலத்தின் வளங்களையும் கவர்ச்சிகளையும் விவரித்து நூல்கள் வெளியிட்டது. நகரத்துச் செல்வர்கள் கோடைக்கால இல்லங்களுக்காகப் பண்ணைகளை வாங்கலாம் என அழைத்தது. கோடையில் விருந்தினரை வீட்டில் தங்கவைத்து உணவளிப்பது பல உழவர் குடும்பங்களுக்கு உபதொழிலாயிற்று. அந்த உழைப்பில் பெரும்பகுதி பெண்களுடையது. வெண்ணெயும் முட்டையும் சந்தைக்குப் போகாமல் வீட்டு மேசையிலேயே விலையாயின.

1911 இல் மாநில அரசு விளம்பரத்திற்கெனத் தனி அலுவலகம் ஒன்றை நிறுவியது. அமெரிக்க மாநில அரசுகள் சுற்றுலாவுக்காக ஏற்படுத்திய அலுவலகங்களுள் இதுவே முதலாவது எனப் பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது.

ஏறக்குறைய இதே வேளையில் வேறொரு முயற்சி ஆசிரியர் ஒருவரிடமிருந்து தோன்றியது. வெர்மாண்ட் அகாதமி என்னும் பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் ஜேம்ஸ் பி. டெய்லர், மாணவர்களை மலையேற்றத்திற்கு அழைத்துச் செல்லும் வழக்கமுடையவர். நடப்பதற்குத் தக்க தடங்கள் இல்லையே என்ற குறை அவருக்கு இருந்தது. மாநிலத்தின் தென்னெல்லை முதல் வடவெல்லை வரை மலை முகடுகளின் வழியே ஒரே நடைபாதை அமைக்க வேண்டும் என அவர் கனவு கண்டார். 1910 மார்ச் 11 அன்று பர்லிங்டன் நகரில் பசுமலைக் கழகம் தோன்றியது. தன்னார்வலர்கள் இருபதாண்டுகள் உழைத்து, 1930 இல் நெடும்பாதையை நிறைவு செய்தனர். அதன் நீளம் சுமார் 270 மைல். நடப்பவரிடம் கட்டணம் வாங்காத, பெரும் முதலீடு தேவைப்படாத பொழுதுபோக்கு இது. வழியிலுள்ள சிற்றூர்க் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் அதனால் வருவாய் கிட்டியது.

எவர் வேண்டும், எவர் வேண்டாம்?

இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் நாம் புரட்டியாக வேண்டும். வெர்மாண்ட் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் ஹென்றி பெர்கின்ஸ் 1925 இல் இனமேம்பாட்டு ஆய்வு ஒன்றைத் தொடங்கினார். 'தாழ்ந்த' குடும்பங்கள் எவையெனப் பட்டியலிடுவது அதன் நோக்கம். அம்முயற்சியிலிருந்து கிளைத்ததே நாட்டுப்புற வாழ்வுக்கான ஆணையம். 1931 இல் அவ்வாணையம் கிராமப்புற வெர்மாண்டின் எதிர்காலத்திற்கான திட்டத்தை வெளியிட்டது. வேளாண்மை, கல்வி, சுற்றுலா, கோடை இல்லங்கள் எனப் பலவும் அதில் பேசப்பட்டன. அதே 1931 இல் மாநிலத்தில் கருத்தடைச் சட்டமும் நிறைவேறியது. ஏழைகள், உடல் உள்ளக் குறைபாடுடையோர், பிரெஞ்சு கனடிய வழியினர், அபெனாக்கி என்னும் தொல்குடியினர் முதலியோர் இக்கொள்கைக்கு இலக்காயினர். இருநூற்றுக்கும் மேற்பட்டோர் கருத்தடைக்கு உள்ளாக்கப்பட்டனர்.

அந்த ஆணையத்தில் பங்குகொண்டவர் புகழ்பெற்ற எழுத்தாளர் டோரதி கேன்ஃபீல்டு ஃபிஷர். 1932 இல் மாநிலத்தின் விளம்பர அலுவலகத்திற்காகக் கோடை இல்லங்கள் பற்றிய சிறுநூலை எழுதியவரும் அவரே. பேராசிரியர், எழுத்தாளர் போன்ற அறிவுத்துறையினர் வந்து பண்ணை வீடுகளை வாங்க வேண்டும் என அது விரும்பி அழைத்தது. ஒரு கை சிலரை வரவேற்க, மறு கை மண்ணின் மக்களுள் சிலரைத் தகுதியற்றவரெனத் தள்ளியது. ஃபிஷர் பெயரால் வழங்கிவந்த சிறுவர் நூற்பரிசிலிருந்து அவர் பெயரை நீக்க 2019 இல் முடிவாயிற்று. மாநில மன்றம் 2021 இல் இனமேம்பாட்டுக் கொள்கைக்காக முறைப்படி மன்னிப்புக் கோரியது. ஓர் ஊரை அழகுபடுத்துவோம் என்று கூறுவோரிடம், அந்த அழகிற்குள் யாருக்கெல்லாம் இடமுண்டு எனக் கேட்டாக வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சான்று தேவையில்லை.

வேண்டாம் என்ற வாக்கு

1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், பசுமலைகளின் நெடுகே ஏறத்தாழ 260 மைல் நீளமுள்ள எழிற்சாலை ஒன்றை நடுவண் அரசின் பணத்தில் அமைக்கும் திட்டம் எழுந்தது. வேலையற்றோர்க்கு வேலை, உந்துவண்டிகளில் வரும் பயணியரால் வருவாய் என ஆதரவாளர்கள் வாதிட்டனர். நெடும்பாதையைக் கனவு கண்ட அதே டெய்லர், இப்போது மாநில வணிகர் அவையின் சார்பில் எழிற்சாலையை ஆதரித்தார். அவர் தோற்றுவித்த பசுமலைக் கழகமோ எதிர்த்தது! இருவரும் மலையை நேசித்தவர்களே. மலையை எல்லோருக்கும் எட்டும்படி செய்வதா, எட்டாதிருப்பதே மலையின் மாண்பா என்பதில்தான் பிளவு.

1936 மார்ச் 3 அன்று, ஆண்டுதோறும் ஊர்மக்கள் ஒன்றுகூடி முடிவெடுக்கும் ஊர்க்கூட்ட நாளில், இது வாக்கெடுப்பிற்கு விடப்பட்டது. பெரும்பான்மையோர் வேண்டாம் என்றனர். முகடுகளைக் காக்கும் எண்ணம் மட்டுமே இதற்குக் காரணமெனக் கூறுவது பொருந்தாது. நிலம் நடுவண் அரசின் ஆளுகைக்குப் போய்விடும் என்ற அச்சமும், மாநிலத்தின் தலையில் விழும் கடன் பற்றிய தயக்கமும் உடனிருந்தன. அவ்வாண்டு நவம்பரில் நடந்த தேர்தலில் ரூஸ்வெல்டுக்கு எதிராக நின்ற மாநிலங்கள் மெய்னும் வெர்மாண்டும் ஆகிய இரண்டே என்பதையும் இங்கு இணைத்துப் பார்க்கலாம்.

சாலையை மறுத்தவர்கள் பனியை மறுக்கவில்லை. 1934 சனவரியில், வுட்ஸ்டாக்கில் ஒரு பண்ணையின் சரிவில், பழைய ஃபோர்டு வண்டியின் பொறியால் இயங்கும் கயிற்று இழுவை அமைக்கப்பட்டது. கயிற்றைப் பிடித்துக்கொண்டால் பனிச்சறுக்கர் மேட்டின் உச்சியை அடையலாம். அமெரிக்காவில் இத்தகையதில் இதுவே முதலாவது. பசுக்கள் மேய்ந்த சரிவு குளிர்காலத்தில் காசு ஈட்டியது. 1940 இல் மான்ஸ்ஃபீல்டு மலையில் நாற்காலித் தூக்கி வந்தது. கோடைக்கு மட்டுமே உரியதாயிருந்த விருந்தோம்பல் பனிக்காலத்திற்கும் பரவியது.

பலகைகள் இறங்கின

நெடுஞ்சாலைகள் பெருகப் பெருக, வழியோரங்களில் விளம்பரப் பலகைகளும் பெருகின. 1968 இல் டெட் ரீல் என்னும் மாநில மன்ற உறுப்பினரின் முயற்சியால், சாலையோர விளம்பரப் பலகைகளைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. பலகை இல்லாவிட்டால் எங்கள் உணவகத்தை யார் அறிவார் என்று வணிகர்கள் அஞ்சியது இயல்பே. அதற்கு மாற்றாக, ஒரே அளவும் ஒரே நடையும் கொண்ட சிறு வழிகாட்டிப் பலகைகளை அரசு ஏற்படுத்தியது. பெருநிறுவனத்தின் விடுதிக்கும் மூதாட்டி ஒருவர் நடத்தும் மேப்பிள் பாகுக் கடைக்கும் சம அளவே எழுத்து! சிறு வணிகத்திற்கு அரசு அளிக்கத்தக்க ஆதரவுகளுள் இது நுட்பமானது என்பது நம் கருத்து. 1975 அளவில் பழைய பலகைகள் முற்றிலும் இறங்கின. இன்று இத்தகைய தடையுள்ள மாநிலங்கள் வெர்மாண்டையும் சேர்த்து நான்கே.

1970 இல் ஆளுநர் டீன் டேவிஸ் காலத்தில் நில மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அது 'சட்டம் 250' என்று வழங்கப்படுகிறது. பனிச்சறுக்கு மையங்களைச் சுற்றி விடுமுறை இல்லங்கள் கட்டுப்பாடின்றி எழுந்ததே இதற்குத் தூண்டுகோல். நீர், மண், போக்குவரத்து, எழில் உள்ளிட்ட பத்து அளவைகளைக் கொண்டு, குடிமக்களைக் கொண்ட மாவட்டக் குழுக்கள் பெரிய கட்டுமானங்களை ஆராய வேண்டும் என அது விதித்தது.

எஞ்சிய வினா

1946 முதல் 2018 வரை மாநில அரசே 'வெர்மாண்ட் லைஃப்' என்ற இதழை நடத்தியது. வெண்ணிறத் தேவாலயம், சிவந்த தொழுவம், பொன்னிற மேப்பிள் ஆகியவை அதன் பக்கங்களில் ஒளிர்ந்தன. அந்தத் தொழுவத்திற்குரியவரின் கடன் சீட்டு எந்த அட்டைப்படத்திலும் இடம்பெறுவதில்லை. 1940களில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டிருந்த பால் பண்ணைகள் இன்று அறுநூறுக்கும் குறைவு. மாநிலத்தின் வீடுகளில் ஏறத்தாழ ஆறில் ஒன்று, ஆண்டில் சில நாள்களே விளக்கேற்றப்படும் விடுமுறை இல்லம். விடுதியில் படுக்கை விரிப்பவரும் சறுக்கு மையத்தில் பணிபுரிபவரும் குடியிருக்க வீடு தேடி அலைகின்றனர். 1890களில் ஆளற்ற வீட்டிற்கு ஆள் தேடிய மாநிலத்தில், இன்று ஆளிருக்க வீடில்லை.

ஆகவே சுற்றுலா நல்லதா தீயதா என்ற பட்டிமன்றம் நமக்குப் பயன்படாது. வெர்மாண்டு மக்கள் சிலவற்றை வேண்டும் என்றனர், சிலவற்றை வேண்டாம் என்றனர். எழிற்சாலையிலும் பலகையிலும் ஊரே பேசி முடிவெடுத்தது. பேச்சுரிமை மறுக்கப்பட்டோர் மீது முடிவுகள் சுமத்தப்பட்ட இடத்தில்தான், 2021 இல் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. விருந்தினர் உண்ட பின் எஞ்சியதை உண்பது விருந்தோம்பலின் பெருமை. ஆனால் விருந்தினருக்கு வீட்டையே கொடுத்துவிட்டு வாயிலில் நிற்கும் நிலை அவ்வீட்டாருக்கு வரலாகாது. எந்த நாட்டுப்புறம் தன் கதவைத் திறந்தாலும், திறவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.