விடுதியும் பிள்ளை மனமும்

கல்முனைக் கரையோரத்தின் கல்வி வரலாற்றைப் பேசுவோர் பாடசாலைகள் எழுந்த ஆண்டுகளையும் அவற்றுக்காக உழைத்தோரின் பெயர்களையும் தவறாது கூறுவர். அப்பாடசாலைகளை நாடித் தாய் தந்தையரைப் பிரிந்து சென்ற பிள்ளைகள் இரவில் எங்கே உறங்கினர், யாரிடம் தம் துயரைச் சொல்லினர் என்ற வினாக்களுக்கு அவ்வரலாற்றில் விடை கிடைப்பதில்லை. விடுதி என்பது நமது கல்வி வரலாற்றின் புறக்கடையாகவே இருந்து வந்திருக்கிறது.

விடுதி ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் நோக்குவோம். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை இக்கரையோரம் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியாக இருந்தது. வயலையும் கரைவலையையும் மருதமுனைக் கைத்தறியையும் நம்பி வாழ்ந்த உழைப்பாளரின் பிள்ளைகளுக்கு உயர்தரக் கல்வி எட்டாத பொருளாயிருந்தது. யுத்தகால உணவு நெருக்கடியின்போது, 1942இல், உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார் ஏ. எம். ஏ. அஸீஸ். நெல் விளையும் பூமியில் கல்வி வரண்டிருத்தலைக் கண்ட அவர் கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கமொன்றை அமைத்தார். 1945இல் வறிய முஸ்லிம் மாணவருக்கான புலமைப்பரிசில் நிதியமொன்று அவருடைய முயற்சியால் உருவாயிற்று. 1948 முதல் 1961 வரை அவர் அதிபராயிருந்த கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் விடுதியில் கிழக்கிலங்கைப் பிள்ளைகளும் தங்கிக் கற்றனர்.

அதே காலத்தில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945இல் நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகள் தோன்றின. ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் தேறிய ஏழைப் பிள்ளைகள் அவற்றின் விடுதிகளிற் செலவின்றித் தங்கிக் கற்க வழி பிறந்தது. இவற்றுக்கு முன்னரே, 1892இல் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியிருந்தார். அதனை அடுத்திருந்த மாணவர் இல்லத்தில் ஏழைப் பிள்ளைகள் உண்டு உறங்கிப் படித்தனர். விடுதி செல்வரின் ஆடம்பரமன்று. ஏழை மகன் படிப்பதற்கென நாட்டப்பட்ட ஊன்றுகோல். இந்த உண்மையை மறந்து விடுதியைக் குறைகூறுதல் நன்றி கொன்றதாகும்.

ஆயினும் அவ்விடுதிகள் பிள்ளைக்குக் கொடுத்தவை எவை? சோறு, பாய், விளக்கு, மணியோசை. படித்தானா, தேறினானா என்று கேட்ட நாம், மன நலத்தோடு இருக்கிறானா என்று கேட்கவில்லை. ஆங்கிலேயரின் விடுதிப் பள்ளிகளிலிருந்து வந்த பிரம்பும், மூத்த மாணவர் இளையோரை ஆளும் வழக்கமும் ஒழுக்கத்தின் அடையாளங்களாயின. பதின்மூன்று வயதில் உடலும் குரலும் மாறுகின்றன. உம்மாவின் மடி தொலைவாகிறது. கிராமத்துப் பேச்சும் கிழிந்த சட்டையும் கேலிக்குள்ளாகின்றன. இவ்வேளையில் அழும் பையனைக் கோழை என்றோம். உண்ணாதவளைப் பிடிவாதக்காரி என்றோம். பாடத்திற் பின்தங்கியவனைச் சோம்பேறி என்றோம்.

வீட்டை நினைந்து ஏங்குதல் நோயாகலாம் என்பதை ஜொகான்னஸ் ஹோபர் என்ற சுவிஸ் மருத்துவர் 1688இலேயே எழுதினார். தாயைப் பிரிந்த குழந்தைகளின் உளநிலை பற்றி ஜோன் பௌல்பி உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு எழுதிய அறிக்கை 1951இல் வெளிவந்தது. நம் நாட்டிலோ உளநோய் பற்றிய 1873ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளரை அடைத்துவைப்பதையே முதற்கவலையாகக் கொண்டிருந்தது. உளநோய் என்றதும் அங்கொடையை நினைந்து அஞ்சிய சமுதாயம், பிள்ளையின் மனத்துயரை ஒளித்துவைத்ததில் வியப்பில்லை. ஓதிப் பார்த்து நூல் கட்டுவதோடு பலர் நின்றனர். அதிற் கிடைக்கும் ஆறுதலை நாம் எள்ளவில்லை. ஆனால் அது வைத்தியரிடம் செல்வதைத் தாமதிக்கச் செய்யலாகாது.

பின்னர் வந்த காலம் கொடிது. யுத்தமும் 1990ஆம் ஆண்டின் வன்முறைகளும் தமிழர், முஸ்லிம்கள் இருசாராரின் வீடுகளிலும் பிள்ளைகளை அநாதைகளாக்கின. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது, நாட்டின் மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறையே. மாண்டோர் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என ஊர் ஊராக மையவாடிகளும் மயானங்களும் நிறைந்தன. 'உளவளத்துணை' என்ற சொல் இக்கரையில் எல்லோர் வாயிலும் பழகியது அப்போதுதான். முகாம்களிற் பிள்ளைகள் படம் வரைந்தனர், விளையாடினர், பேசினர். துயரம் வயிற்றுவலியாகவும் கோபமாகவும் மௌனமாகவும் வெளிப்படும் என்பதைப் பலரும் கற்றனர். ஆனால் திட்டங்களின் காலம் முடிந்ததும் வந்தோர் சென்றனர். கற்றதை நிலையான ஏற்பாடாக்கும் வேலை நம்மிடமே எஞ்சியது.

அந்த வேலை இன்னும் முடியவில்லை. பாடசாலைகளில் உடல்தண்டனை கூடாதெனக் கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை விடுத்தது. அதன் பின்னரும் பிரம்பு முற்றாக மறைந்துவிடவில்லை. 2024 நவம்பர் 26இல், நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய விடுதி மாணவரை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் மாவடிப்பள்ளி வெள்ளத்தில் அகப்பட்டது. மாணவர் சிலர் மாண்டனர், சிலர் தப்பினர். தோழனை நீர் கொண்டுபோகக் கண்ட பிள்ளை மீண்டும் அதே அறைக்கு வந்து, பக்கத்தில் வெறுமையான பாயைக் காணும் இரவுக்கு யார் பொறுப்பு?

இவை விதியென்று கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 1995இல் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதமுள்ள நாடுகளுள் ஒன்றாயிருந்தது இலங்கை. கொடிய கிருமிநாசினிகளைத் தடைசெய்ததனால் அவ்வீதம் பெரிதும் குறைந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டமும் 1998இல் நீக்கப்பட்டது. தலைவிதி எனப்பட்டதை அரசின் கொள்கை மாற்றியது என்பதே இதன் பாடம்.

பத்து முதல் பத்தொன்பது வயதினருள் எழுவரில் ஒருவருக்கு ஏதேனும் உளப்பாதிப்பு உண்டு என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அப்படியாயின் ஐம்பது பிள்ளைகள் உறங்கும் விடுதியில் ஏழு பேரையேனும் நாம் தேடியறிய வேண்டும். பகலெல்லாம் கற்பித்துக் களைத்த ஆசிரியரிடமே இரவில் விடுதியையும் ஒப்படைத்துவிட்டு அது நடக்குமென எதிர்பார்ப்பது பேதைமை. அரச பாடசாலையாயினும் மத்ரஸாவாயினும், விடுதிப் பொறுப்பாளருக்குப் பயிற்சி வேண்டும். பாடச்சுமை குறைய வேண்டும். தண்டிக்கும் அதிகாரமில்லாத ஒருவரிடம் பிள்ளை தனித்துப் பேச வாய்ப்பு வேண்டும். வீட்டாரோடு பேசுவது சலுகையாகவன்றி உரிமையாக வேண்டும். அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லும் வழியும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இலவசக் கல்வி ஏழைப் பிள்ளைக்கு அளித்த வாக்கு, சோறும் புத்தகமும் கொடுத்ததோடு நிறைவேறிவிடவில்லை. அப்பிள்ளை அச்சமின்றி உறங்கும் இரவும் அவ்வாக்கில் அடங்கும். முன்னோர் விடுதிகளைக் கட்டித் தந்தனர். அவற்றுள் வாழும் பிள்ளைகளின் மனத்தைக் காப்பது இத்தலைமுறை ஆசிரியரின், பெற்றோரின், அரசின் கடமையாகும்.