அவையடக்கமும் ஐந்து காசுத் தண்டமும்

மக்கள் ஒருங்கு கூடி ஒரு பொருளை ஆராயும் இடம் அவை எனப்படும். அது சிறப்பதும் சீரழிவதும் கூடினாருடைய செல்வத்தாலும் தொகையாலும் அல்ல. அவர் பேசும் முறையாலேயே என்க. திருவள்ளுவனார் பொருட்பாலில் ‘அவையறிதல்’, ‘அவையஞ்சாமை’ என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தமை கருதத்தக்கது. முன்னது இல்லாத துணிவு கூச்சலாகும். பின்னது இல்லாத அடக்கம் ஊமைத்தன்மையாகும்.

இவ்விரண்டையும் காப்பதற்குப் பழந்தமிழ் நாட்டுச் சபையினர் தனி மனிதர் நற்குணத்தை மட்டும் நம்பியிருந்தாரல்லர். விதி வகுத்துக் கல்லிற் பொறித்தனர். திருநெல்வேலிச் சீமையிலுள்ள மானூரில், மாறஞ்சடையன் என்னும் பாண்டியனது 35-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழக் கி.பி. 800-இல், வட்டெழுத்தில் வெட்டப்பெற்ற சாசனம் ஒன்று உளது. சபையிற் கொணரப்படும் ஒவ்வொரு காரியத்துக்கும் ‘அன்று, அன்று’ என்று மறுத்துத் தடை செய்வோரும், அவருக்குத் துணை நிற்போரும், அங்ஙனம் தடுத்த காரியம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து காசு தண்டம் இறுத்து, மேலும் அவ்விதிகட்கே அடங்கி நடத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து.

இவ்விதியின் நுட்பம் மூன்று. முதலாவது, மாறுபட்டுப் பேசுதலை இது விலக்கவில்லை. எதனையும் மறுப்பதே தொழிலாகக் கொண்டதனையே விலக்கியது. இரண்டாவது, பின்னின்று தலையசைப்பாரையும் குற்றத்திற் பங்காளியாக்கிற்று. துணை செய்வார் இல்லாவிடின் ஒருவன் கூச்சல் எத்துணை நாழிகை நிற்கும்? மூன்றாவது, தண்டம் இறுத்தவனை நோக்கி ‘வெளியேறுக’ என்னாது, ‘விதிக்கு அடங்கி உடனிரு’ என்றது. திருத்தும் நோக்கமே அன்றி அகற்றும் நோக்கம் அதனிடத்துக் காணப்படவில்லை.

உறுப்பினர் நாவைக் கட்டும் இவ்விதியை மட்டும் எடுத்துக்கொண்டால் தலைவர்கட்கு மகிழ்ச்சி உண்டாகலாம். அவர்கள் நம் செங்கற்பட்டுப் பக்கத்துச் சாசனத்தையும் உடன் நோக்குவார்களாக. அணுபுரத்திலும் மாமல்லைக் கரையிலும் வாழ்வோர் ஒரு பகலிற் சென்று மீளத்தக்கது உத்தரமேரூர். அங்கே முதற் பராந்தக சோழனது 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921-இல், வெட்டப்பெற்ற குடவோலைச் சாசனங்கள் உள்ளன. ஊரை 30 குடும்புகளாக வகுத்து, ஓலையிற் பெயரெழுதிக் குடத்திலிட்டு, வேற்றுமை அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, ஏரிவாரியம், தோட்டவாரியம் முதலியவற்றுக்கு ஆள் தெரிந்தனர். முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் அக்குடவோலைக்கு உரியரல்லர். முந்திய மூன்றாண்டுக்குள் வாரியஞ் செய்தவனும் உரியனல்லன்.

மானூர் விதி பேசுவாரைக் கட்டியது. உத்தரமேரூர் விதி ஆள்வாரைக் கட்டியது. இவ்விரண்டும் ஒருங்கு நின்றாலன்றி அவை நடுநிலை எய்தாது. கணக்குக் காட்டாத தலைவன் அவையடக்கம் வேண்டுவது வாய்ப்பூட்டிடுதலேயாம். கணக்கைக் கேளாமலே இரைச்சலிடும் உறுப்பினன் செய்வது அவைக்கொலையேயாம்.

அச்சபைகளிலும் குறை இல்லாமலில்லை. அவை பிரமதேய ஊர்களின் சபைகள். நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்க்கே அங்கு இடம் இருந்தது. பெண்டிர்க்கும் பிற குலத்தார்க்கும் நாவே இல்லை. அவர்தம் விதியைக் கொள்வோம். அவர் அடைத்த வாயிலை நாம் திறந்து வைப்போம்.

நம் சங்கம் போல்வன 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துக்கு உட்பட்டவை. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டுதலையும் கணக்கு வைத்தலையும் அச்சட்டம் விதிக்கின்றது. பேசும் முறையையோ நாமே வகுத்துக்கொள்ளல் வேண்டும். சில ஊர்க் கூட்டங்களில் இருவர் பழம்பகை பேசி முடிப்பதற்குள், கல்வி நிதியைப் பற்றிக் கேட்க வந்த இளைஞர் எழுந்து போய்விடுகின்றனர். மறு கூட்டத்துக்கு அவர் வருவதில்லை. கடல் கடந்து வாழும் நம்மவரும் இப்பூசலைக் கேள்வியுற்று உதவிக்கையைச் சுருக்கிக்கொள்கின்றனர். அதனால் இழப்பெய்துவது கட்டணத்துக்கு வழியின்றி நிற்கும் மாணவனே அன்றோ?

ஆதலின் அன்பர்காள், அடுத்த பொதுக்குழுவில் முதற்கண் கணக்கைப் படிப்பித்து, பின்னர் ஒவ்வொருவர்க்கும் பேச்செல்லை வகுத்து, இளையோரையும் பெண்டிரையும் முன்னர்ப் பேசவிட்டு, மறுப்போர் தம் மறுப்புக்குக் காரணமும் மாற்றுவழியும் கூறுமாறு விதி செய்வோமாக. காசுத் தண்டம் வேண்டா; விதி எல்லார்க்கும் ஒன்றாயிருத்தலே போதும்.