வாவிக்கரையில் ஒரு ஸ்பானியச் சேனாபதி

மட்டக்களப்பின் புளியந்தீவைச் சுற்றிக் கிடக்கிற வாவியின் கரையில் நின்று பழைய கோட்டையைப் பார்ப்பவர்களில் பலர் அதை ஒல்லாந்தர் கோட்டை என்றே சொல்வார்கள். இன்று கண்ணில் படும் மதில்களில் பெரும்பகுதி அவர்கள் திருத்திக் கட்டியவை என்பதால் அது முழுப்பிழை அல்ல. ஆனால் அந்த இடத்தில் முதற்கல் வைத்தவன் வேறொருவன். கொன்ஸ்தன்தீனு டி சா டி நொரோஞ்ஞா. பிறப்பால் போர்த்துக்கேயன். ஆனால் அவன் வணங்கிய மன்னன் மட்ரிட்டில் இருந்தான்.

1580இல் ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் போர்த்துக்கல் முடியைக் கைப்பற்றினான். அடுத்த 60 ஆண்டுகள் லிஸ்பன், கோவா, கொழும்பு எல்லாம் ஒரே குடையின் கீழ் இருந்தன. ஆகவே 1618இல் இலங்கைக்கு வந்த டி சா, ஸ்பானிய மன்னர்களின் சேவகனாகவே வந்தான். கப்பித்தான் ஜெனரல் என்பது அவனுடைய பதவி. படைத்தலைவனும் ஆட்சித்தலைவனும் ஒருவனே. களத்தில் வாளைப் பிடித்தவன் மல்வானையில் அமர்ந்து கிராமங்களை வழங்கவும், முதலியார்களுக்குப் பட்டம் சூட்டவும், கண்டி மன்னனோடு உடன்படிக்கை பேசவும் வேண்டியிருந்தது. இந்த இரண்டாவது வேலையில்தான் அவன் தோற்றான் என்பது என் எண்ணம். அவனது கதையை மட்டக்களப்பிலிருந்து சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பதும் அதனால்தான். கொழும்பிலிருந்து சொன்னால் அவன் ஒரு வீரன். வாவியிலிருந்து பார்த்தால்தான் அவன் கட்டளைகள் ஒவ்வொன்றும் எங்கே போய் விழுந்தன என்று தெரியும்.

1619இல் அவன் ஆட்சியில் பிலிப்பு டி ஒலிவேரா யாழ்ப்பாணத்துக்குப் படை கொண்டுபோய் அங்கு ஆண்ட சங்கிலியைச் சிறைப்பிடித்தான். நல்லூர் அரசு அத்தோடு முடிந்தது. இடையில் சிறிது காலம் பதவி கைமாறி, 1623இல் டி சா மறுபடியும் வந்தான். 1624 அளவில் திருகோணமலையில் கோட்டை எழுந்தது. கோணேசர் கோயிலை இடித்த கற்கள் அதன் சுவரில் ஏறின. பாண்டியரின் கயல் பொறித்த கல் இன்றும் அந்தக் கோட்டை வாயிலில் இருக்கிறது. கோயிலை இழந்த மக்களின் துயரத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அடுத்தது 1626. தன் ஆளுகைக்குட்பட்ட இடங்களிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற வேண்டும் என்று டி சா ஆணையிட்டான். வணிகத்தில் அவர்கள் போட்டியாளர்கள், மதத்தில் எதிரிகள். அவனுக்கு அவ்வளவுதான் தெரிந்தது. கண்டியில் செனரத் மன்னன் வேறு கணக்குப் போட்டான். துரத்தப்பட்டவர்களில் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பும் இக்கரையில் முஸ்லிம் ஊர்கள் இருந்தன. ஆனால் வாவிக்கரையில் தமிழரும் முஸ்லிமும் அடுத்தடுத்து வாழும் இன்றைய தோற்றத்தில் அந்த ஒரு கட்டளைக்கும் பங்குண்டு. கண்டியை மெலிய வைக்க நினைத்தவன் அதற்கு ஆட்களையும் வணிகத் தொடர்பையும் சேர்த்துக் கொடுத்தான்.

கண்டிக்குக் கடல் வேண்டும் என்றால் இந்தக் கிழக்குக் கரைதான் வாசல். ஒல்லாந்தக் கடலோடி ஸ்பில்பெர்கன் 1602இல் வந்திறங்கியது இங்கேதான். அடுத்த ஆண்டு இன்னொரு ஒல்லாந்தன் செபால்ட் டி வீர்ட் வெட்டுப்பட்டு இறந்ததும் இங்கேதான். அந்த வாசலை அடைக்கவே 1628இல் டி சா புளியந்தீவில் கோட்டை கட்டினான். இரண்டு பக்கம் வாவி, மற்றப் பக்கம் அகழி. சிறிய கோட்டைதான். ஆனால் முகத்துவாரம் வழியாக உள்ளே வரும் தோணி எதுவும் அதன் கண்ணுக்குத் தப்பாது. 1617 உடன்படிக்கையின் பின் ஓரளவு அமைதியாக இருந்த செனரத்துக்கு இது கழுத்தில் கை வைத்ததுபோல் ஆயிற்று. சண்டை மூண்டது. 1629இல் டி சா கண்டி நகரைக் கொளுத்தினான்.

1630இல் கோவாவிலிருந்து அரசப் பிரதிநிதி லிஞ்ஞாரஸ் பிரபு எழுதிய கடிதம் ஒன்று, போரை விட்டு வியாபாரத்தில் நாட்டம் கொண்டுவிட்டாய் என்று அவனைக் குத்திக்காட்டியதாகச் சொல்வார்கள். அந்தச் சொல் அவனைச் சுட்டது. ஊவா நோக்கிப் புறப்பட்டான். பதுளையை எரித்தான். அவனோடு போனவர்கள் சில நூறு போர்த்துக்கேயரும், லஸ்கரின்கள் எனப்படும் பல்லாயிரம் சிங்களப் படைவீரர்களும். லஸ்கரின்களை நடத்திய முதலியார்கள் கிறிஸ்தவப் பெயர் சூடியவர்கள், அவனிடம் கிராமமும் மரியாதையும் பெற்றவர்கள். அவர்கள் செனரத்தோடு இரகசியமாகப் பேசி முடித்திருந்தார்கள். எச்சரிக்கை வந்தும் டி சா நம்பவில்லை. தான் கொடுத்த பட்டம் மனதையும் வாங்கிவிட்டது என்று எண்ணியிருப்பான் போலும்.

திரும்பும் வழியில் தொன் கொஸ்மோ என்ற முதலியார் முதலில் வெளிப்பட்டான். லஸ்கரின்கள் கூட்டம் கூட்டமாக அணி மாறினார்கள். வெல்லவாயாவுக்கு அருகே ரந்தெனிவெலவில் ஓகஸ்ட் மாதப் பெருமழை வெடிமருந்தையும் திரியையும் நனைத்தது. துப்பாக்கிகள் ஊமையாயின. வில்லும் அம்பும் வேலை செய்தன. கடைசிவரை நின்று போரிட்டு டி சா வீழ்ந்தான். அந்த வீரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அவனுடைய மகன் தந்தையின் கதையை நூலாக எழுதினான். 1681இல் லிஸ்பனில் அச்சான அந்த நூலின் மொழி போர்த்துக்கேயம் அல்ல, ஸ்பானியம். அப்போது போர்த்துக்கல் ஸ்பெயினிடமிருந்து பிரிந்து 40 ஆண்டுகளாகிவிட்டன. தலைப்பில் இலங்கையின் கிளர்ச்சி என்று போட்டிருந்தான். நாட்டுக்குரியவர்கள் தங்கள் நாட்டைக் காக்க எழுந்ததற்கு அந்த வீட்டில் அதுதான் பெயர்.

ரந்தெனிவெலப் போர்க்களத்தில் கண்டிப் பக்கம் நின்ற இளவரசர்களில் ஒருவன் மகா ஆஸ்தானை. பிறகு இரண்டாம் ராஜசிங்கன் என்று முடிசூடியவன் அவன்தான். எட்டு ஆண்டு கழித்து, 1638 மே 18ஆம் நாள், ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வொல்டின் பீரங்கிகளோடு சேர்ந்து புளியந்தீவுக் கோட்டையைப் பிடித்தான். மே 23இல் மட்டக்களப்பிலேயே உடன்படிக்கை எழுதப்பட்டது. பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருப்பது மன்னன் விரும்பினால் மட்டுமே என்ற வரி மன்னனிடம் இருந்த பிரதியில் இருந்தது. ஒல்லாந்தர் வைத்துக்கொண்ட பிரதியில் அந்தச் சொற்கள் இல்லை.

(தொடரும்)