ஊற்றும் கைக்கு ஒரு சட்டம்
பினாங்கில் கள்ளும் உரிமமும்: ஒரு வரலாற்று நோக்கு

மதுவைப் பற்றித் தமிழில் தோன்றிய அறவுரைகள் பெரும்பாலும் குடிப்பவனை நோக்கியே தோன்றியுள்ளன. வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கே கண்டிக்கப்படுபவன் உண்பவன். ஊற்றிக் கொடுத்தவன் அல்லன். ஆயினும் குடிப்பவனுக்கு எதிரே எப்பொழுதும் மற்றொருவன் நிற்கின்றான். குடத்தைச் சாய்ப்பவனும் காசை எண்ணி வாங்குபவனும் அவனே. அவன் யாருக்கு விற்கலாம், எந்த நேரத்தில் விற்கலாம், யாருக்கு இல்லையென்று சொல்லவேண்டும் என்பவற்றை அந்தந்தக் காலத்துச் சட்டம் எவ்வாறு வகுத்தது என்று ஆராய்ந்தால், அக்காலத்து அரசு எதைப் பெரிதாகக் கருதியது என்பது தெளிவாகும். அவ்வாராய்ச்சிக்குப் பினாங்குத் தீவும் அதனை ஒட்டிய நிலப்பகுதியும் சிறந்த களமாக அமைந்துள்ளன.

குத்தகைக் காலம்

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கும்பினியின் உடைமையாக அறிவித்தார். வணிகரை ஈர்க்கும்பொருட்டு ஜார்ஜ்டவுன் சுங்கமில்லாத துறைமுகமாகத் தொடங்கப்பெற்றது. சுங்கம் இல்லையெனின் ஆட்சிச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? அதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழியே வரிக்குத்தகை. அபின், சாராயம், சூது, வெற்றிலை, பன்றியிறைச்சி ஆகியவற்றோடு கள்ளும் பங்கியும் குத்தகைப் பட்டியலில் இடம்பெற்றன.

குத்தகையின் இயல்பை மாணவர்கள் நன்கு உணரவேண்டும். ஒரு பொருளை விற்கும் தனியுரிமையை அரசு ஏலத்தில் விட்டது. மிகுந்த தொகை கேட்டவர் அதைப் பெற்றார். தாம் கட்டிய தொகைக்கு மேல் விற்றால்தான் அவருக்கு இலாபம். எனவே குடிப்போர் தொகை பெருகுவது குத்தகைக்காரருக்கு நலம். அடுத்த ஏலத்தில் தொகை உயரும் என்பதால் அரசுக்கும் நலம். இம்முறையில் விற்பவன்மேல் சட்டம் சுமத்திய தலையாய கடமை ஒன்றே: குத்தகைக்காரரின் அனுமதியின்றி விற்கக்கூடாது. திருட்டுத்தனமாக வடித்தவன் தண்டனை பெற்றான். அளவின்றி ஊற்றியவனோ வருவாயைப் பெருக்கியவன் ஆனான். சட்டம் காத்தது குடிப்பவனின் உடலையன்று; கருவூலத்தின் பையை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இம்முறை முடிவுக்கு வந்தது. நீரிணைக் குடியேற்றங்களில் 1907ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அபின் விசாரணைக் குழுவின் அறிக்கைக்குப் பின்னர், 1910 தொடக்கத்தில் அபின் விற்பனையை அரசே ஏற்றுக்கொண்டது. மதுவிலும் குத்தகை மறைந்து, தீர்வையும் உரிமமும் நிலைபெற்றன. கடை நடத்துபவருக்கு அரசு தரும் தாள் ஒன்று, அதில் எழுதப்பட்ட விதிகள் என்னும் நிலை உருவாயிற்று.

தோட்டத்துக் கள்ளுக்கடை

தீவுக்கு எதிரே உள்ள செபராங் பிறை நிலப்பகுதி 1800ஆம் ஆண்டில் கும்பினியின் ஆட்சிக்குள் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கரும்புத் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கானோர் கொண்டுவரப்பட்டனர். பின்னர்க் கரும்பு மறைந்து ரப்பர் வந்தது. கங்காணி முறையில் மேலும் பல்லாயிரவர் வந்தனர். அவர்கள் வாழ்ந்த லயங்களுக்கு அருகிலேயே, கோயிலைப்போல, பள்ளிக்கூடத்தைப்போல, கள்ளுக்கடையும் தோட்ட வாழ்வின் ஓர் உறுப்பாயிற்று.

மலாயாவில் கள் என்றால் பெரும்பாலும் தென்னங்கள்ளே. பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் இனிய சாறு சொட்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது பதநீராக நிற்கும். தடவாவிட்டால் காற்றிலுள்ள நொதிகள் அதனுட்புகுந்து சில மணி நேரத்தில் புளிக்கச் செய்யும். ஒரு நாளுக்குள் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு வரை வெறியம் ஏறிவிடும். மேலும் வைத்தால் காடியாகிவிடும். இவ்வாறு நேரத்துக்கு நேரம் வலிமை மாறும் பொருளை விற்பவன், எப்பொழுது இறக்கியது, எதனோடு கலந்தது என்பதை அறிந்திருத்தல் இன்றியமையாதது. கள்ளுக்கு விற்பனை நேரமும் தூய்மை விதியும் வேண்டியதன் காரணம் பொருளின் இயற்கையிலேயே உள்ளது.

தோட்டத்துக் கடைக்கான உரிமம் தோட்ட நிருவாகத்தின் பெயரிலேயே வழங்கப்பட்டது. இதுவே இவ்வரலாற்றின் கசப்பான பகுதியாகும். கூலி கொடுப்பவரும் நிருவாகம். கள் விற்பவரும் நிருவாகம். வலக்கை கொடுத்த கூலியில் ஒரு பகுதியை இடக்கை வாங்கிக்கொண்டது. கடையின் இலாபம் கள்நிதி என்னும் பெயரில் தொழிலாளர் நலனுக்குச் செலவிடப்பட வேண்டும் என்று விதி செய்யப்பட்டிருந்தது உண்மைதான். ஆனால் மிகுதியாகக் குடித்தால்தான் மிகுதியான நலன் கிடைக்கும் என்னும் கணக்கை எந்தத் தாய் ஏற்றுக்கொள்வாள்?

தோட்ட முதலாளிகள் இதற்கு ஒரு நியாயம் கூறினர். கள் மென்மையான பானம். அதில் உடலுக்கு வேண்டிய சத்தும் உண்டு. கடையை மூடினால் தொழிலாளர் கள்ளத்தனமாக வடித்த சம்சுவை நாடுவர் என்பதே அவர்கள் வாதம். இவ்வாதம் முற்றும் பொய்யன்று. பின்னாளில் சம்சு விளைத்த கேட்டைக் காணும்போது இதில் ஓரளவு உண்மை இருந்ததை மறுக்க இயலாது. ஆயினும் கேள்வி வேறு. இங்கிலாந்தில் 1872ஆம் ஆண்டின் உரிமச் சட்டம், வெறியேறியவனுக்கு மேலும் மது விற்பதைக் கடைக்காரரின் குற்றம் என்று விதித்தது. தாய்நாட்டில் ஊற்றும் கையைப் பிடித்து நிறுத்தக் கற்ற ஆட்சியாளர், குடியேற்ற நாட்டில் கூலி கொடுக்கும் கையிலேயே கள்ளுக் குடத்தையும் கொடுத்தனர். சிலாங்கூர்க் கடலோர வட்டாரங்களில் கள்ளின் தீமை பற்றி எழுந்த குறைகளை ஆராய ஓர் ஆணையமே அமைக்கப்பட்டு, 1917இல் அதன் அறிக்கை வெளிவந்தது. கேடு ஆட்சியாளர் அறியாதது அன்று என்பதற்கு அவ்வறிக்கையே சான்று.

எதிர்ப்புக் குரல்

மதுவிலக்குக் கொள்கைக்காகத் தம் தோப்பிலிருந்த தென்னை மரங்களை வெட்டச் செய்த பெரியார் ஈ.வெ.ரா., 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கினார். அவருடைய சுற்றுப்பயணம் மலாயாத் தமிழரிடையே சீர்திருத்த உணர்ச்சியை வளர்த்தது. 1936இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் தோன்றியது. பினாங்கு வழக்கறிஞர் என். இராகவன் அதன் தலைவர்களுள் ஒருவராக விளங்கினார். கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பது அச்சங்கம் எழுப்பிய கோரிக்கைகளுள் ஒன்று. இந்தியத் தொழிலாளர் நிலையை அறிய வந்த சீனிவாச சாஸ்திரியாரின் அறிக்கை 1937இல் வெளியாயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தாயகத்தில் அரசே மூடக்கூடிய கடையை, இங்கே அரசே காக்க வேண்டுமா என்னும் வினா எழுவது இயல்பே.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் கூலியுயர்வை மட்டும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு, துரையைக் கண்டால் மிதிவண்டியினின்று இறங்கும் வழக்கத்தின் ஒழிப்பு ஆகியவற்றோடு கள்ளுக்கடை மூடலையும் கேட்டனர். துப்பாக்கியால் அப்போராட்டம் அடக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

போருக்குப் பின்னர், பினாங்குக்கு அண்மையிலுள்ள கெடா மாநிலத்தில் அதே நெருப்பு மீண்டும் எழுந்தது. பீடோங் அருகேயுள்ள ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவரின் தலைமையில் தொண்டர் படை உருவாயிற்று. 1947இல் தொண்டர்கள் கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்தனர். பெண்களும் அதில் முன்னின்றனர். காவல் துறையோடு மோதல் ஏற்பட்டது, பலர் கைதாயினர், உயிரிழப்பும் நேர்ந்தது.

இப்போராட்டத்தை நடுநிலையோடு நோக்குதல் வரலாற்று மாணவர் கடமை. தொண்டர் படையினர் குடித்தவர்களைத் தாமே தண்டிக்கவும் முற்பட்டனர். அது வரம்பு மீறிய செயலே. ஆனால் அது ஏன் நிகழ்ந்தது? விற்பவனைத் தட்டிக் கேட்கச் சட்டத்தில் வழி தெரியாதபோது, மக்களின் சினம் கடையின்மீதும் குடிப்பவன்மீதும் பாய்ந்தது. சம்பள நாளன்று மாலையில் வெறுங்கையோடு வீடு திரும்பும் கணவனுக்காகக் காத்திருந்த பெண்ணுக்கு உரிம விதிகள் தெரியாது. அடுப்பில் உலை ஏறாதது மட்டுமே தெரியும்.

இன்றைய சட்டம்

விடுதலை பெற்ற நாட்டில் மது விற்பனையை 1976ஆம் ஆண்டின் கலால் சட்டம் ஒழுங்குபடுத்துகின்றது. உரிமமின்றி விற்றல் குற்றம். ஆயினும் கலால் சட்டத்தின் வேர் வரியிலேயே உள்ளது. விற்பவனின் சமூகக் கடமை வேறு சட்டங்கள் வழியாகவே சிறிது சிறிதாக வளர்ந்தது.

இவ்வளர்ச்சியில் பினாங்குக்குத் தனிப் பங்கு உண்டு. 1969இல் இங்கே தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், எஸ்.எம். முகமது இத்ரிசின் நெடுங்காலத் தலைமையில், மலிவான சம்சுவுக்கு எதிராக இடைவிடாது குரல் கொடுத்தது. சிறு புட்டிகளில் சில காசுக்குக் கிடைத்த சம்சு, கள்ளுக்கடை மறைந்த தோட்டங்களிலும் குடும்பங்களைச் சிதைத்தது. 2016இல் உணவு விதிகள் திருத்தப்பட்டன. மது வாங்குவதற்குரிய வயது 18இலிருந்து 21ஆக உயர்ந்து, 2017 டிசம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய மலிவு மதுவை 700 மில்லிலிட்டருக்குக் குறையாத கண்ணாடிப் புட்டியிலேயே விற்கவேண்டும் என்னும் விதியும் செய்யப்பட்டது. சில்லறைக் காசுக்குச் சாவை வாங்க இயலாதபடி செய்வதே அதன் பயன்.

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் அண்டைப் பகுதிகளிலும் மெத்தனால் கலந்த மதுவால் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் உடலினுள் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணொளியைப் பறித்து உயிரையும் குடிக்கும். எங்கே வடித்தது என்று வினவாமல் வாங்கி விற்ற கடைக்காரரின் அலட்சியம் எவ்வளவு கொடியது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. 2020இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டு, வாகனமோட்டியின் 100 மில்லிலிட்டர் குருதியில் இருக்கத்தக்க வெறியத்தின் உச்ச அளவு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைக்கப்பட்டது. குடித்துவிட்டு ஓட்டி உயிர்ப்பலி நேர்ந்தால் முதற்குற்றத்துக்கே பத்து முதல் பதினைந்து ஆண்டுச் சிறை விதிக்கப்படும். மேலும், முஸ்லிம்கள் மது அருந்துவது மாநில சரியாச் சட்டத்தின்கீழ்க் குற்றம்.

ஆகவே இன்று மதுவைப் பரிமாறும் இளைஞன் அறியவேண்டியவை சில உள்ளன. தன் கடையின் உரிமமும் அதற்குரிய நேரமும் எவை என்பதை அவன் அறிதல் வேண்டும். வாங்க வந்தவரின் வயதில் ஐயம் எழுந்தால் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். புட்டி முறையான வழியில் வந்ததா என்பதை உறுதிசெய்தல் வேண்டும். தள்ளாடி நிற்பவனின் கையில் வாகனத் திறவுகோலைக் கண்டால், மேலும் ஊற்றாமல் மறுக்கும் துணிவும் வேண்டும். இறுதியாகக் கூறிய கடமையைச் சட்டப் புத்தகத்தைக் காட்டிலும் மனச்சான்றே வலியுறுத்தும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், வெறியேறியவனுக்கு விற்றவர், அவனால் விளையும் தீங்குக்கு ஈடுசெய்ய வேண்டும் என்று சட்டமே உண்டு.

முடிவுரை

இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில் சட்டம் மூன்று படிகளைக் கடந்துள்ளது. முதலில் அது கருவூலத்தைக் காத்தது. பின்னர் ஒழுங்கைக் காத்தது. அண்மையில்தான் மனிதனைக் காக்கத் தொடங்கியுள்ளது. இம்மூன்றாம் படிக்கு நம்மைக் கொண்டுவந்தோருள் கடை வாயிலில் நின்று அடிபட்ட தோட்டப் பெண்களும் அடங்குவர். வரலாற்றுப் பாடத்தில் ஆளுநர்களின் பெயர்களைக் கற்பிக்கும் ஆசிரியர், அப்பெயரறியாப் பெண்களையும் மாணவர்க்கு நினைவூட்டுதல் வேண்டும். நாளை ஓர் உணவகத்திலோ விடுதியிலோ பணிபுரியப்போகும் மாணவன், தன் கையில் இருப்பது வெறும் குவளையன்று, மற்றொரு குடும்பத்தின் இரவுச் சோறும் அதனோடு சேர்ந்திருக்கிறது என்று உணர்வானாயின், அவ்வரலாறு வீண்போகாது.