கூரையைக் கழற்றிய கார்களின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் வாகனம் ஓட்டுகிற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

வஸ்கமுவ பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்குக் கூரையில்லாத ஜீப் புதினமில்லை. பிக்அப் ஒன்றின் பின்பக்கத்தை மாற்றி, உயரத்தில் ஆசனம் வைத்து, குழாய்ச் சட்டத்துக்கு மேலே ஹூட் போட்ட வாகனங்களை நாம் அன்றாடம் பார்க்கிறோம். இப்போது பிள்ளைகள் சிலரிடம் அதற்கு அடுத்த பேச்சு வந்திருக்கிறது. பழைய கார் ஒன்றை எடுத்துக் கூரையை வெட்டி, வேண்டிய நேரம் கழற்றிப் பூட்டக்கூடிய தகடு போட்டால் சஃபாரிக்கும் ஆகும், கல்யாண வீட்டுக்கும் ஆகும் என்கிறார்கள். "வெட்டினால் என்ன சேர், அது சும்மா மூடிதானே?" என்று கேட்கிறார்கள்.

கேள்வி நல்ல கேள்விதான். சில வாகனங்களில் அது மூடிதான். சிலவற்றில் இல்லை. எதில் மூடி, எதில் மூடி இல்லை என்பதைக் கண்டுபிடிக்க உலகம் எடுத்துக்கொண்ட காலம்தான் இந்தக் கதை.

முதலில் வகுப்பில் நாம் செய்து காட்டும் ஒரு சின்ன விஷயம். சப்பாத்துப் பெட்டி ஒன்றை எடுத்து மூடியை நாடாவால் சுற்றி ஒட்டிவிட்டு, இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள். அசையாது. மூடியைக் கழற்றிவிட்டு முறுக்குங்கள். துணி மாதிரி முறுகும். அதே பெட்டியைத் தடித்த பலகை ஒன்றில் ஆணி அடித்து வைத்தால் மூடி இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. மேற்கொண்டு சொல்லப்போவது எல்லாம் இந்தப் பெட்டியும் பலகையும்தான்.

பலகை வைத்த பெட்டிக்கு நாமெல்லாம் அறிந்த உதாரணம் லேண்ட் ரோவர். நமது நாடு சுதந்திரம் பெற்ற அதே 1948 இல், ஏப்ரல் மாதம் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அதை முதலில் காட்டினார்கள். போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு. அதனால் உடலை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். பாரத்தைத் தாங்குவது கீழே ஏணி மாதிரி இருக்கிற சேஸிஸ். மேலே இருக்கிற கூரையும் பக்கத் தகடுகளும் போல்ட் போட்டுப் பூட்டியவை. தகரக் கூரை வேண்டாம் என்றால் சாவி எடுத்துக் கழற்றிவிட்டு கன்வஸ் ஹூட் போடலாம். மலைநாட்டுத் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர்களுக்குத் தகரமும் கன்வஸுமாக மாறி மாறிக் கூரை வந்தது இதனால்தான். அங்கே ரம்பத்துக்கு வேலையே இல்லை.

காரிலும் அப்படி ஒன்று வந்தது. அது வந்த காரணம் சுவாரஸ்யமானது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ப் கம்பனிக்கு உடற்கூடு செய்துகொடுத்து வந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953 இல் போட்டிக் கம்பனியான பிஎம்சி வாங்கிவிட்டது. புதிய கார் ஒன்றுக்கு முழு உடலைச் செய்துதர ஆளில்லாமல் போயிற்று. வேறு வழியில்லாமல், அந்தக் காலத்துக்கே பழையதாகிவிட்ட தனிச் சேஸிஸ் முறைக்குத் திரும்பினார்கள். உடலைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்வித்து, போல்ட் போட்டு இணைத்தார்கள். 1959 இல் வந்த ட்ரையம்ப் ஹெரால்ட் கார் அதுதான். இத்தாலியரான ஜோவன்னி மிக்கலோட்டி வடிவமைத்தது. கூரையும் அதில் கழற்றக்கூடிய ஒரு துண்டு. அடுத்த வருடமே கூரையில்லாத வகையையும் விற்றார்கள். இன்றும் ஆர்வலர்கள் மூடிய ஹெரால்டைத் திறந்த ஹெரால்டாக மாற்றுகிறார்கள். பின்பக்கத்தில் சில பாகங்கள் மாற வேண்டும், மற்றபடி போல்ட் வேலை.

இந்தக் கார் நமது மொழிக்காரர்களுக்கு அந்நியமில்லை. 1961 இலிருந்து சென்னையில், அப்போதைய மெட்ராஸில், ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ரொடக்ட்ஸ் கம்பனி இதை ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் செய்தது. பிறகு இந்தியாவுக்கென்றே நான்கு கதவு வகையும் வந்தது. பழைய தமிழ்ப் படங்களில் கண்ணில் பட்டிருக்கும்.

இனி பலகை இல்லாத பெட்டி. இலங்கையில் மொரிஸ் மைனர் தெரியாத வீடு இருக்காது. அதுவும் 1948 தான், லண்டனில் வெளிவந்தது. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்தார். கடைசி நேரத்தில், கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்தவர். பொனட்டின் நடுவில் ஒரு தட்டையான பட்டி ஓடுகிறதே, அது அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம்.

மைனரில் தனிச் சேஸிஸ் கிடையாது. தரை, கதவுக்குக் கீழே ஓடும் சில், கதவுத் தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைச் சுமக்கின்றன. நாடா ஒட்டிய சப்பாத்துப் பெட்டி. ஆனாலும் கம்பனி முதல் நாளிலிருந்தே கூரை திறக்கும் டூரர் வகையையும் விற்றது. எப்படி? கூரையில் எடுத்த பலத்தைக் கீழே கொடுத்தார்கள். தரையோரத்தில் மேலதிக உருக்கு, கதவுத் தூணின் அடியில் முட்டுத் தகடுகள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

டூரருக்குப் பிற்காலத்தில் விலை ஏறியபோது, இரண்டு கதவுச் சலூன்களை வாங்கிக் கூரையை வெட்டுகிற வேலை இங்கிலாந்தில் பெருகியது. ஒழுங்காகச் செய்கிற கராஜில் வேலையின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் உக்கிய சில்லையும் தரையையும் மாற்றுவார்கள். பிறகு டூரருக்குரிய பலப்படுத்தும் தகடுகளை ஒட்டுவார்கள். பிறகு கதவு வாசலுக்குக் குறுக்கே தற்காலிகமாகக் கம்பி ஒட்டி, அளவு மாறாமல் பிடித்துவைப்பார்கள். ரம்பம் கடைசியாகத்தான் வெளியே வரும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்த கார்கள் நடுவில் தொய்ந்து, கதவு பூட்டுப்படாமல் போயிருக்கின்றன.

இங்கே நமது நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. பாத் நகரில் மொரிஸ் மைனர் சென்டர் நடத்திய சார்ள்ஸ் வேர், இலங்கையரான தனபால சமரசேகரவுடன் சேர்ந்து டியூரபிள் கார் கம்பனி என்ற பெயரில் மைனர் பாகங்களை இலங்கையில் செய்வித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கிருந்து வந்த காருக்கு இங்கிருந்து தகடு போனது. நமது டிங்கர் நானாமாரின் கைவேலையைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

பிள்ளைகள் கேட்ட கழற்றிப் பூட்டும் தகட்டுக்கு வருவோம். கோர்டன் பூரிக் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், மீண்டும் அதே 1948 இல், டாஸ்கோ என்ற ஒரு மாதிரிக் காரைச் செய்தார். கூரையின் நடுவில் நீளவாக்கில் ஒரு சட்டத்தை விட்டுவிட்டு, இரண்டு பக்கத்திலும் கழற்றக்கூடிய தகடு வைத்தார். 1951 இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அந்தக் கார் உற்பத்திக்குப் போகவில்லை.

1961 இல் ட்ரையம்ப் டிஆர்4 வந்தது. அதுவும் மிக்கலோட்டியின் கைதான். பின்கண்ணாடியையும் அதன் சட்டத்தையும் நிலையாக வைத்து, தலைக்கு மேலே உள்ள தகட்டை மட்டும் கழற்ற விட்டார்கள். 1965 இல் போர்ஷே இதே எண்ணத்தை 911 டார்கா என்று காட்டியது. சிசிலியின் டார்கா ஃபுளோரியோ ஓட்டப் பந்தயத்திலிருந்து எடுத்த பெயர். அமெரிக்காவில் திறந்த கார்களைச் சட்டம் தடைசெய்துவிடுமோ என்ற பயம் அப்போது கார்க் கம்பனிகளுக்கு இருந்தது. அதனால்தான் ஆசனத்துக்குப் பின்னால் அகலமான உருக்கு வளையம். கார் புரண்டால் தலையைக் காப்பது அந்த வளையம். பூரிக்கின் நடுச்சட்டம் 1968 இல் ஷெவர்லே கோர்வெட்டில் விற்பனைக்கு வந்தது. மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து டீ போல இருப்பதால் டீ-டொப் என்றார்கள். அந்தக் காரில் சேஸிஸ் இருந்தும், முழுக் கூரையையும் எடுத்தபோது உடல் முறுகியதால்தான் நடுச்சட்டத்தை விட்டார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

1976 இல் பொன்டியாக் ஃபயர்பேர்ட் காருக்கு ஹர்ஸ்ட் என்ற வெளிக் கம்பனியின் கண்ணாடித் தகடுகளைப் பூட்டினார்கள். தகரக் கூரையோடு செய்த காரில் ஓட்டை வெட்டிப் பூட்டுவது. அழகாக இருந்தது, மழைக்கு ஒழுகியது. இரண்டு வருடத்துக்குள் ஜெனரல் மோட்டார்ஸ் தனது சொந்த ஃபிஷர் பிரிவின் தகடுகளுக்கு மாறிவிட்டது. தகட்டைச் சுற்றி இறப்பர், அதற்கு அப்பால் பீலி, பீலியிலிருந்து தண்ணீர் கீழே இறங்கத் தூணுக்குள் குழாய். இந்த மூன்றில் ஒன்று பிழைத்தாலும் மடியில் தண்ணீர்தான். நமது பக்கத்தில் ஆண்டில் பாதி வெயிலும் புழுதியும் இறப்பரைக் காயவைத்து வெடிக்கப்பண்ணும். பிறகு வடகீழ்ப் பருவமழை வந்து பார்த்துக்கொள்ளும்.

சஃபாரி வண்டிக்கு பிக்அப்பை எடுப்பது ஏன் என்று இப்போது விளங்கும். பிக்அப்புக்கு ஏணிச் சேஸிஸ் இருக்கிறது, பலகை கீழே இருக்கிறது. ஆனாலும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சேஸிஸ் வண்டி முறுகாது, புரளாது என்று இல்லை. ஆசனத்தை உயர்த்த உயர்த்தப் பாரத்தின் மையம் மேலே போகிறது. புரண்டால் தாங்க வேண்டியது மேலே இருக்கிற குழாய்ச் சட்டம் ஒன்றுதான். அது சேஸிஸுடன் சேர்த்துப் பூட்டப்பட்டதா, இல்லை வெயிலுக்கு ஹூட் பிடிக்க மட்டும் தகரத்தில் ஒட்டியதா? பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அனுப்பும் வாப்பா உம்மாமார் குனிந்து பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். பூங்காவுக்குள் போனால் இறங்கி நடக்க முடியாது. யானை முன்னால் நின்றால் பள்ளமும் மேடுமான பாதையில் அவசரமாகப் பின்னுக்கு எடுக்க வேண்டியும் வரலாம். அந்த நேரத்தில் அந்தச் சட்டம்தான் கூரை.

சின்ன ஜப்பான் கார், வேன் எல்லாம் மைனரின் வழி. தனிச் சேஸிஸ் இல்லாத பெட்டிகள். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய வாகனங்களுக்கு வந்த விலை எல்லோருக்கும் தெரியும். 2025 இல் திரும்பத் திறந்தும் மலிவாகிவிடவில்லை. அவ்வளவு காசு கொடுத்து வாங்கியதை ஒரு பின்னேரத்தில் கிரைண்டரால் அறுத்துப்போட வேண்டுமா என்று தம்பிமார் யோசியுங்கள். உடலின் வகையை மாற்றுவதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். அது இல்லாமல் வெட்டிய வாகனத்துக்கு விபத்து நடந்த பிறகு காப்புறுதியில் பேசுவது கஷ்டம்.

ஆசை இருக்கிறவர்கள் முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். ஏணி தெரிகிறதா, வெறும் தரைத் தகடு தெரிகிறதா? தரைத் தகடுதான் என்றால், பலப்படுத்தும் வேலைக்கான செலவைக் கேட்டுவிட்டுப் பிறகு ரம்பத்தைப் பற்றிப் பேசலாம்.

நமது பக்கத்தில் பழைய லேண்ட் ரோவர், ஹெரால்ட், மைனர் எதுவும் யாருடைய வீட்டிலாவது நின்றிருந்தால், படம் இருந்தால் கீழே போடுங்கள். வாப்பாமார் அப்பாமார் ஓட்டிய கதை இருந்தாலும் எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், பிள்ளைகளுக்குக் காட்டச் சேர்த்துவைப்போம்.