பப்ளிக் கேரியர்: லாரி பெர்மிட்டின் கதை

பழைய லாரிகளின் நெற்றியில் "பப்ளிக் கேரியர்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். பலரும் அதை அலங்காரம் என்றே நினைத்தார்கள். உண்மையில் அது சட்டம் பிரித்து வைத்த இனம். வாடகைக்கு ஊரார் சரக்கை ஏற்றும் லாரி பப்ளிக் கேரியர். சொந்த வியாபாரத்துச் சரக்கை மட்டும் ஏற்றும் லாரி பிரைவேட் கேரியர். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்தால் குற்றம்.

இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது? 1914ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் எளிமையானது. வண்டியைப் பதிவு செய்ய வேண்டும், ஓட்டுபவர் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். எங்கே, எந்தச் சரக்கை, எவ்வளவு தூரம் கொண்டு போகிறாய் என்று அது கேட்கவில்லை.

நிலைமையை மாற்றியது ரயில்வேயின் நஷ்டம். 1930களின் பொருளாதார மந்தத்தில் ரயில்வே வருமானம் விழுந்தது. அதே சமயம் பஸ்ஸும் லாரியும் தண்டவாளத்துக்குப் பக்கத்துச் சாலைகளிலேயே ஓடிப் போட்டியிட்டன. இதை ஆராய மிட்செல், கிர்க்னெஸ் என்ற இரு அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். 1933இல் வெளியான அவர்களின் அறிக்கை சாலைப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றது. அதன் வழியில் வந்ததுதான் 1939ஆம் ஆண்டின் சட்டம்.

லாரி வாங்கிப் பதிவு செய்தால் மட்டும் போதாது, பெர்மிட்டும் வேண்டும் என்று ஆனது அந்தச் சட்டத்தால்தான். சாலை ரயில் ஒருங்கிணைப்பைக் காரணம் காட்டி, நெடுந்தூரச் சரக்கு லாரிகளைத் தடுக்கவே மாகாண அரசுகளுக்கு அதிகாரம் கிடைத்தது. பப்ளிக் கேரியர் பெர்மிட் கேட்டு மனு போட்டால் அதை வெளியிட்டு ஆட்சேபணை கேட்பார்கள். அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே போதுமான லாரிகள் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். பாதுகாப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. பிரேக் சரியாக இருக்கிறதா என்பதை எஃப்.சி. பார்த்துக்கொண்டது. பெர்மிட் பார்த்தது போட்டியை.

ஒரு வட்டாரத்தின் பெர்மிட் அடுத்த வட்டாரத்தில் செல்ல, அங்குள்ள அதிகாரியின் மேலொப்பம் வேண்டும். மாநிலம் தாண்டினால் அந்த மாநிலத்து வரியும் சேரும். பல லாரிகள் வைத்திருந்த முதலாளிகள் ஆள் வைத்து இதைச் சமாளித்தார்கள். ஆனால் இந்திய லாரித் தொழிலைத் தாங்கியவர்களில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு வண்டிக்காரர்கள். டிரைவராக இருந்து, கடன் வாங்கிச் சொந்த லாரி எடுத்தவர்கள் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ஏராளம். லாரி ஓடாத நாளிலும் தவணை நிற்காது.

1959இல் மசானி குழு கட்டுப்பாடுகளைத் தளர்த்தச் சொன்னது. 1975இல்தான் நேஷனல் பெர்மிட் வந்தது. ஒரே பெர்மிட்டில் பல மாநிலங்களில் ஓடலாம் என்பது பெரிய விடுதலை. ஆனால் மாநிலத்துக்கு இத்தனை என்று எண்ணிக்கை வைத்தே கொடுத்தார்கள். கிடைத்தவருக்கு யோகம்.

உண்மையான மாற்றம் 1988ஆம் ஆண்டின் சட்டம். அது 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பப்ளிக், பிரைவேட் என்ற பிரிவு போய் எல்லாமே சரக்கு வாகனம் ஆனது. பெர்மிட் கேட்டால் சாதாரணமாக மறுக்கக் கூடாது என்றும் சட்டத்திலேயே எழுதினார்கள். ஐம்பது ஆண்டுகள் ரயிலுக்குக் கொடுத்த காவல் அங்கே முடிந்தது. பெயிண்டர்களுக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை போலும்! அதன் பிறகும் பல வருடங்கள் புது லாரிகளில் "பப்ளிக் கேரியர்" எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

வரித் தொல்லை இன்னும் இருபது வருடம் நீடித்தது. நேஷனல் பெர்மிட் லாரிக்காரர் தான் போகும் மாநிலங்களுக்குத் தனித்தனியாகப் பணம் கட்டி வந்தார். 2010 மே மாதம் முதல் வருடத்துக்கு 15,000 ரூபாய் மொத்தக் கட்டணம் கட்டினால் நாடு முழுவதும் ஓடலாம் என்றானது. ஆனால் வயது வரம்பு இருந்தது. சாதாரண லாரிக்கு 12 வருடம், மல்டி ஆக்ஸில் லாரிக்கு 15 வருடம். அதைத் தாண்டிய லாரி சொந்த மாநிலத்துக்குள் செங்கல், ஜல்லி ஏற்றப் போய்விடும்.